இடது மூலையில் மைத்துனர்

பினாங்குக் காற்றில் உப்பு அதிகம், இன்ஸ்பெக்டர். பழைய ஸ்பீக்கர்களை வாரம் ஒருமுறையாவது துடைத்து வைக்க வேண்டும்.

என் பெயர் சொக்கநாதன். ஓய்வுபெற்ற பல் டாக்டர். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பழைய சாமான் கடையில், எழுபதுகளில் வந்த ஆம்ப்ளிஃபயரும் இடுப்பளவு ஸ்பீக்கர் ஜோடியும் கிடைத்தன. உப்பிப்போன கண்டென்சர்களை நானே மாற்றினேன். ஸ்பீக்கர் ஓரங்களில் இற்றுப்போயிருந்த நுரைப்பஞ்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டினேன். ஒரு கச்சேரி இசைத்தட்டைச் சுழலவிட்டேன். வீணை பிரமாதமாக வந்தது. மிருதங்கம் மட்டும் இடது மூலையில் போய்க் குமுறியது. அங்கே மெத்தையை நிறுத்திப் பார்த்தேன், அரிசி மூட்டை வைத்தேன், என் மனைவி விசாலத்தின் பட்டுப்புடவைகளைத் தொங்கவிட்டேன். பலனில்லை.

விசாலம் கோலாலம்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவளுடைய தம்பி ராம்நாத் வந்தார். ஜுருவில் கார் விற்பவர். நல்ல பருமன். நாற்காலியை இழுத்து அந்த மூலையில் உட்கார்ந்தார். குமுறல் நின்றுவிட்டது. ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கெளம்புறேன் அத்தான், கடையில ஆள் இல்லலா" என்றார்.

இன்னும் ஒரு இசைத்தட்டு கேட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அதன் பிறகும் எழுந்தார். அதனால் ஸ்பீக்கர் ஒயரால் இடுப்பைக் கட்டினேன். தடிமனான ஒயர், உடம்பை அறுக்காது. கையை ஆட்டினால் வீணை கலங்கியது, கைகளையும் கட்டினேன். கத்தினார். யாராவது கத்திக்கொண்டிருந்தால் எப்படிப் பாட்டுக் கேட்பது? வாயில் டேப் ஒட்டினேன். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. காலையில் ரொட்டி சானாய், மதியம் நாசி கண்டார், டேப்பை எடுத்துவிட்டு நானே ஊட்டினேன். அவர் இளைத்தால் குமுறல் திரும்பிவிடும்.

விசாலம் ஊரிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தம்பிய ஏங்க கட்டி வச்சிருக்கீங்க?"

முதலில் கேள், பிறகு பேசு என்றேன். உட்கார்ந்து தட்டு முடியும்வரை கேட்டாள்.

"மிருதங்கம் தெளிவாத்தான் இருக்கு" என்றாள். அப்புறம்தான் உங்களுக்குப் போன் செய்தாள்.

அடைத்து வைத்ததாக எழுதுகிறீர்கள். அந்த வார்த்தை சரியில்லை, இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு தட்டு முடிந்ததும், "போகணுமா மச்சான்?" என்று மரியாதையாகக் கேட்டேன். வாயில் டேப் இருந்த நேரத்தில் அவர் ஒருமுறைகூடப் போக வேண்டும் என்று சொன்னதில்லை.