எடுக்காமல் போன ஐந்து அழைப்புகள்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, ரத்த வங்கி மருத்துவர் அவர்களே, மறைந்த நம் அக்காவின் வீட்டுக்காரர் அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் அவர் மகளே, கடந்த ஞாயிற்றுக்கிழமை முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு இன்று துக்கம் பகிர வந்திருக்கும் கொடையாளர்களே, என் சக ஊழியர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

 அழுவதற்காக எழுந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அழுது முடித்துவிட்டேன். இப்போது என்னிடம் இருப்பது பயம்.

நான் ரத்த வங்கியின் பரிசோதகன். பைக்குள் வந்த ரத்தத்தைச் சோதிப்பது என் வேலை. ரத்தம் கொடுக்க வந்த மனிதரைக் கேட்டறிவது நம் ஆலோசகர் அம்மையாரின் வேலை. 'ஆலோசகர்' என்று யார் கூப்பிட்டோம்? 'கேள்வி அக்கா' என்றுதானே கூப்பிட்டோம்! சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, மாத்திரை ஏதாவது போடுறீங்களா, மஞ்சள் காமாலை வந்திருக்கா, போன தடவை கொடுத்து மூணு மாசம் ஆச்சா, சமீபத்துல பச்சை குத்திக்கிட்டீங்களா? அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தி இன்னும் சில கேள்விகள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனால்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அவர் அறையில் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. லொடலொடவென்று அப்படி ஒரு சத்தம். பழுது பார்க்க ஆள் கூட்டி வந்தேன். அக்கா அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். "அந்தச் சத்தம் இருக்கறதாலதான் தம்பி உள்ள பேசறது வெளிய கேக்கல" என்றார். ரத்தம் எடுக்காமல் திருப்பி அனுப்பும் எல்லோருக்கும் ஒரே காரணம்தான் சொல்வார்: உடம்பில் ரத்தம் குறைவு. தூணைப் போல் இருக்கும் ஒரு பயில்வான் ஒருநாள் வெளியே வந்து, "எனக்கு ரத்தம் கம்மியாம்" என்றபோது வரிசையே சிரித்தது. உள்ளே அந்தப் பயில்வான் என்ன சொன்னார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதுதான் அக்கா!

நான் ஒருநாள் ஆணவமாகச் சொன்னேன்: "எதுக்குக்கா இவ்வளவு கேள்வி? எல்லாத்தையும் மெஷின் பாத்துக்குமே."

"உன் மெஷின் நேத்து வந்ததைப் பாக்காது தம்பி" என்றார். "நோய் உடம்புக்குள்ள நுழைஞ்சு கொஞ்ச நாள் ஒளிஞ்சு கிடக்கும். அந்த நாள்ல எடுத்த ரத்தம் உன் மெஷினுக்குச் சுத்தமாத்தான் தெரியும். எங்க போனோம், என்ன செஞ்சோம்னு அந்த மனுஷனுக்கு மட்டும்தான் தெரியும். அப்ப யாரைக் கேக்கறது?"



கேள்விகளோடு அவர் விட்டாரா? இல்லை! ரத்தம் கொடுத்தவர் பழச்சாறு குடிக்கும்போது கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணிப்பார். அதில் பையின் எண்ணும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கும். "வீட்டுக்குப் போய் மனசு உறுத்தினா கூப்பிடுங்க. பேர் சொல்ல வேணாம். பை நம்பர் போதும். திட்ட மாட்டேன்" என்பார். பதினான்கு வருடம் அந்த போன் அவர் கைப்பையில்தான் இருந்தது. எத்தனை பேர் கூப்பிட்டார்கள், எத்தனை பைகளை ஓசையில்லாமல் ஒதுக்கினார் என்று நாங்கள் கேட்டதில்லை. அவர் இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்துவிட்டோம்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிய அக்கா வீட்டு வாசலில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வழியனுப்பினோம். நேற்று, புதன்கிழமை காலை, அவர் மகள் ரத்த வங்கி அலமாரிச் சாவியைக் கொடுக்க வந்தாள். கூடவே அந்த போனையும் நீட்டினாள்.

"மாமா, அம்மா பைக்குள்ள இது அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. யாருக்கும் எடுக்கணும்னு தோணல."

பார்த்தேன். ஒரே எண்ணிலிருந்து ஐந்து அழைப்புகள். 

திருப்பிக் கூப்பிட்டேன். ஓர் ஆண் குரல். "சார், ரெண்டு நாளா கூப்பிடறேன். அன்னைக்கு முகாம்ல பக்கத்துல தெரிஞ்சவங்க நின்னாங்க, எப்படிச் சொல்றதுன்னு..." பிறகு சொன்னார். என்ன சொன்னார்? நான் சொல்ல மாட்டேன். அக்கா சொல்வாரா? பை எண்ணைச் சொன்னார். குளிர்பெட்டியைத் திறந்தேன். அந்த எண் அங்கே இல்லை. பத்து நிமிடத்துக்கு முன்பு பிரசவ வார்டுக்குப் போயிருந்தது. அந்தப் பையைச் 'சுத்தம்' என்று எழுதி அனுப்பியது யார்? நான்! என் கையெழுத்து!

மூன்று மாடி. எப்படி ஏறினேன் என்று தெரியாது. அந்தத் தாய்க்குத் திடீரென்று காய்ச்சல் கண்டதால், கொஞ்சம் பொறுத்து ஏற்றலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பை செவிலியரின் மேசைமேல் தட்டில் இருந்தது. அவ்வளவுதான். காய்ச்சல் காப்பாற்றியது. நான் காப்பாற்றவில்லை, நாம் யாரும் காப்பாற்றவில்லை.

பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தத் தாயின் கணவர் வாசலில் நின்றிருந்தார். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் கை கூப்பினார். "ரத்தம் குடுத்த புண்ணியவான் யாருங்க? ஒரு தடவை காட்டுங்க, கால்ல விழணும்" என்றார்.

 பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

வேறு பை ஏற்றினோம். தாயும் குழந்தையும் நலம். மாலையே அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சக ஊழியர்கள் என்னைத் தேற்றினார்கள். நான் தேறவில்லை. அந்தப் பையில் நோய் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இதைக் கூட்டத்தில் பேச வேண்டாம் என்று தலைவர் சொன்னார். தலைவர் அவர்களே, மன்னியுங்கள். மகளே, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை அம்மா. இத்தனை உயிர்களையும் ஒரே ஒருவரின் கைப்பையில் போட்டு வைத்த குற்றம் எங்களுடையது.

ஞாயிறு முகாமில் எண்பத்து நான்கு பைகள் வந்தன. அவற்றில் நாற்பத்தொன்று இன்னும் குளிர்பெட்டியில் இருக்கின்றன. பயந்துபோய் அத்தனையையும் கொட்டிவிடலாமா? நாளைக் காலை அறுவை சிகிச்சைக்கு ஆறு பேர் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எதைக் கொடுப்பது?

நாளை முதல் அக்காவின் நாற்காலியில் நான் உட்காருகிறேன். அந்த போன் இனி ஒருவர் பையில் இருக்காது. ஒருவர் தூங்கினால் இன்னொருவர் கையில் இருக்கும்படி நான்கு பேர் முறை போட்டிருக்கிறோம். இது அவர் படத்தின் முன் நாங்கள் செய்யும் உறுதி. எனக்கு அவருடைய குரல் இல்லை, பொறுமை இல்லை. பயம் மட்டும் நிறைய இருக்கிறது.

இப்போது இரண்டு நிமிடம் மௌனமாக எழுந்து நிற்போம். அந்த இரண்டு நிமிடமும் அக்காவை நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன பதில்களையும் நினைத்துப் பாருங்கள். யாரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டாம். கூட்டம் முடிந்ததும் பேசாமல் வீட்டுக்குப் போங்கள். சீட்டு உங்களிடம் இருக்கும்.

முதல் பை காலை எட்டு மணிக்கு வெளியே போகும். அதற்கு முன்னால் கூப்பிடுங்கள்.