கழுவி வைத்த வெற்றிலை

வெற்றிலையை யாரும் கழுவித் தின்பதில்லை, ஐயா. வேட்டியிலோ சேலையிலோ முன்னும் பின்னும் ஒரு துடைப்பு, காம்பைக் கிள்ளி எறிவது, சுண்ணாம்பு தடவுவது, அவ்வளவுதான். கழுவினால் கட்டுக்குள் ஈரம் தங்கி மறுநாளே அழுகிவிடும். காஜா பெராங் பாசாரில் தெய்வானை கடை என்றால் சந்தைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். அழுகல் கட்டை என் கடையில் யாரும் பார்த்ததில்லை.

கருணாகரனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். நகராண்மைக் கழகத்துச் சுகாதார இன்ஸ்பெக்டர். காக்கிக் கால்சட்டை, தொப்பி, சைக்கிள். அவர் பாசாருக்குள் நுழைந்தால் மீன்காரர் அவசரமாக ஐஸை அள்ளிப் போடுவார், பால்காரர் காணாமல் போய்விடுவார். யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூடச் சும்மா வாங்கமாட்டார். ரொம்ப நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

மெர்டேக்காவுக்கு இரண்டு நாள் முன்பு. கல்யாணம், மலாய்க்காரர் வீட்டுக் கெண்டுரி விருந்து, கோயில் பூசை எல்லாவற்றையும் சுதந்திரத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். வெற்றிலைக்கு நல்ல கிராக்கி. புக்கிட் பாரு கொடிக்காலிலிருந்து வந்த கூடையில் இலைமேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. பூச்சிக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். கருணாகரன் ஓர் இலையை எடுத்து மோந்து பார்த்தார். கீரையாக இருந்தால் இந்த நிமிஷமே பறிமுதல் செய்திருப்பேன் என்றார். வெற்றிலை உணவு இல்லையாம். மென்று துப்புகிற பொருளைச் சட்டம் உணவாக எடுத்துக்கொள்ளாதாம். கூடை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

என் மகள் மல்லிகா அப்போது பிள்ளை பெற்று என் வீட்டில் இருந்தாள். பத்தியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டால்தான் பச்சை உடம்புக்குச் செரிக்கும். அந்தக் கூடையிலிருந்துதான் கொடுத்தேன். கொழுந்தாகப் பார்த்து, நானே துடைத்து, நானே மடித்துக் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் வாயில் நுரை தள்ளிவிட்டது. பூச்சி மருந்து என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊரெல்லாம் கொடி கட்டி மெர்டேக்கா என்று கத்திக்கொண்டிருந்த அன்று அவளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். குழந்தையை அவள் மாமியார் கிளேபாங்குக்குத் தூக்கிப் போய்விட்டாள். என் வயிறு இன்னும் எரிகிறது, ஐயா.

கொடிக்கால்காரரை ஏன் விட்டாய் என்கிறீர்கள். பூச்சி சாகட்டும் என்று அடித்தார், பூச்சி செத்தது. அவர் வேலையை அவர் செய்தார். வேலையைச் செய்யாதவர் கருணாகரன் ஒருவர்தான். சட்டத்தில் இடமில்லை என்றால் என்ன? அவருக்குக் கை இல்லையா? கூடையைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டியிருந்தால் நானா போய்ப் புகார் கொடுக்கப் போகிறேன்?

கருமாதிக்குப் பிறகு துக்கம் கேட்க வருவார் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனுஷன். அதனால் கொடிக்காலுக்குப் போய், கடையில் எறும்புத் தொல்லை என்று சொல்லி அந்த மருந்தில் கொஞ்சம் வாங்கி வைத்தேன். பாவம், கேட்டதும் ஊற்றிக் கொடுத்தார்கள்.

வந்தார். பாயில் உட்கார்ந்தார். வெற்றிலையையும் உணவில் சேர்க்கும்படி மேலிடத்தில் மன்றாடியிருப்பதாகச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. நான் தட்டை நீட்டினேன்.

“துக்கம் கழிஞ்ச வீடு தம்பி. வெத்தல எடுத்துக்காம போவக்கூடாது.”

எதையும் சும்மா வாங்காதவர் எனக்காகக் கை நீட்டினார். இலையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

“கழுவுனதா அக்கா?”

“கழுவித்தான் வச்சிருக்கேன். ஈரம் தெரியல?”

நான் பொய் சொல்லவில்லை. முதலில் நன்றாகக் கழுவினேன். மருந்தை அதற்குப் பிறகுதான் தடவினேன். ஈரத்தைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. வெற்றிலை விற்பவள் ஒருத்தியாவது கழுவக் கற்றுக்கொண்டாளே என்று நினைத்திருப்பார். அதனால் துடைக்காமலே மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவருடைய சைக்கிள் இன்னும் என் வாசலில்தான் நிற்கிறது. அவர் வீட்டில் யாரையாவது வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

அந்தக் கூடை என்ன ஆயிற்று என்றா கேட்கிறீர்கள்? விற்றுவிட்டேன். ஒரு கல்யாண வீட்டுக்குப் பாதி போனது. சுடுகாட்டுக்குப் போய்வந்த மறுநாள் மிச்சத்தையும் விற்றேன். யார் யார் வாங்கினார்கள் என்று நினைவில்லை. அவர்களில் ஒருவரும் திரும்பி வந்து குறை சொல்லவில்லை.

வாக்குமூலத்தில் எதையும் விடாமல் சொல்லச் சொல்கிறீர்கள். சரி. அன்று பாசாரில் கருணாகரன் சும்மா போகவில்லை. சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“எனக்குச் சட்டத்துல இடமில்லக்கா. நீங்களே உங்க கையால கொட்டிடுங்க. கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.”

கொட்டிவிடுகிறேன் தம்பி என்றேன். அவர் போனதும் என் சேலைத் தலைப்பாலேயே இலைமேலிருந்த வெள்ளையைத் துடைத்து அடுக்கினேன். இத்தனை வருடம் பாசாரில் சுற்றிய மனுஷன், ஒரு வியாபாரி சொன்ன வார்த்தையை நம்பிக் கூடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். என் மகளைக் கொன்றது அவருடைய அந்த நம்பிக்கைதான், ஐயா.