அமுக்கினால் பேசலாம்

மார்ச் 11, புதன்.

இன்று மாலை வகுப்பில் ஒரு சின்னத் தவறு செய்தேன். 'தேவை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'அளிப்பு' (சப்ளை) என்று எழுதிவிட்டேன். பொருளியல் ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "தேவைங்கிறது வாங்குறவங்ககிட்டேருந்து வரணும்மா. நீங்களா உண்டாக்க முடியாது" என்றார். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. பிசகு என்னிடமே இருக்கலாம் என்பதால் அவரிடம் சொல்லவில்லை. இங்கே முறையாக எழுதிப் பார்க்கிறேன்.

பகலில் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வாக்கி-டாக்கி மாதிரி, பொத்தானை அமுக்கிப் பேசும் வசதியைக் கைபேசியில் கொடுத்தால் மக்கள் வாங்குவார்களா என்று பார்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. நாளை மேலிடம் முடிவு சொல்லும். சரி என்றால் சோதனை தொடரும். இல்லை என்றால் பிரிவை மூடிவிடுவார்கள். மேனேஜரும் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சோதனைக்குக் குடும்பங்கள் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டைச் சேர்த்துவிட்டேன். அப்பா, அத்தை, மாமா, நான், ஆளுக்கொரு கருவி. ஒருவர் அமுக்கிப் பேசினால் மற்றவர்களுக்கு ஒலிபெருக்கியில் உரக்கக் கேட்கும். அவர் விரலை எடுக்கும்வரை வேறு யாரும் வாய் திறக்க முடியாது. சாதாரண அழைப்பு அதில் கிடையாது. முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும்.

அத்தைக்கு முதல் நாளே கோபம். "நான் என்னடி ஓவராப் பேசிட்டேன்?" என்றாள். விளக்கிய பிறகு அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துப்போனது. அது இல்லாமல் தும்மக்கூட மாட்டாள். நான் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வரும்.

"ஏண்டி, உன் உள்பாவாடை பறந்து எதிர்வீட்டு மாடியில கிடக்கு. அவங்ககிட்ட யாரு போய்க் கேக்குறது? ஓவர்."

வகுப்பு முழுக்கக் கேட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர், "நான் வேணா போய்க் கேக்குறேன், ஓவர்" என்றார்.

அணைத்து வைத்திருக்கலாமே என்று தோன்றும். சோதனைக் காலத்தில் அணைக்கக் கூடாது என்பது விதி. நான் விதியை மீறுகிறவள் இல்லை. பொத்தான்மேல் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி, கருவியைக் காலுறைக்குள் திணித்துப் பைக்குள் வைத்தேன். நான் பேசிக்கொண்டே இருப்பதாகக் கருவி நினைத்துக்கொண்டது. வீட்டில் இரைச்சல் மட்டும் கேட்டது. "டவர் சரியில்ல" என்றார் அப்பா. பெரியவர்களை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் அப்படியே செய்தேன்.

என்ன பேசினோம் என்று நிறுவனத்தின் கணினி பார்ப்பதில்லை. பொத்தானை யார் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் அமுக்கினார்கள், லைன் கிடைத்ததா என்று மட்டும் பார்க்கும். மேனேஜர் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"உங்க வீட்டுல என்னம்மா இவ்வளவு பாசம்? எங்க வீட்டுல 'சாப்பிட வாங்க'ன்னு சொல்றதோட சரி."

அவர் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் ரப்பர் பேண்டைப் பற்றிப் பேசுவது நன்றாக இருக்காது.

நேற்று மாலை மழை. துணி எடுக்க அத்தை மொட்டைமாடிக்குப் போனாள். காற்றில் கதவு சாத்திக்கொண்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. மாமா பட்டறையிலிருந்து வரும்வரை அவள் நனைந்தபடி பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தபோது தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க கம்பெனி ரொம்ப ஓவர்டி" என்றாள். தும்மினாள். பிறகு, "ஓவர்" என்றாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

இன்று காலை மேனேஜர் ஒரு தாளோடு ஓடி வந்தார். "ஒரே அம்மா, ஒரே சாயங்காலத்துல எத்தனை தடவை அமுக்கியிருக்காங்க பாரு. லைன் கிடைக்கவே இல்ல, ஆனாலும் விடல. இதுக்குப் பேர்தான்மா தேவை. நாளைக்கு இதைத்தான் மேல காட்டப் போறேன்."

ஆமாம் சார் என்றேன். அது பொய்யில்லை. நேற்று அத்தைக்கு இருந்தது உண்மையான தேவைதான். அளிப்பைத்தான் நான் கொஞ்சம் நிறுத்தி வைத்திருந்தேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். முறைப்படி அதையும் எழுத வேண்டும். நேற்று வகுப்புக்குள் போகுமுன் வெளியே நின்று, சுற்றுவதற்காக ரப்பர் பேண்டைக் கையில் எடுத்தபோது அத்தையின் குரல் வந்தது. "ஏண்டி, மாடிக்கதவு சாத்திக்கிச்சு. மழை வேற கொட்டுது. யாரையாவது வரச் சொல்லேன்." அப்பா தன் கருவியை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே போயிருப்பார் என்பதும், பட்டறைச் சத்தத்தில் மாமாவுக்குக் கேட்காது என்பதும் எனக்குத் தெரியும். அவள் 'ஓவர்' சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருந்தேன். குறுக்கே பேசுவது விதிக்கு மாறானது. அவள் சொன்னாள். அதன்பின் ரப்பர் பேண்டைச் சுற்றினேன்.

உண்மையைச் சொன்னால் மேனேஜருக்கு வருத்தம். அத்தைக்கும் வருத்தம். யாரையும் வருத்தப்படுத்துவது என் சுபாவத்தில் இல்லை.

நாளைய வேலை: வகுப்புக்குப் போகும் வழியில் புது ரப்பர் பேண்ட் வாங்க வேண்டும். பழையது தளர்ந்துவிட்டது.