பெருமாள் தட்டில் ஒரு பித்தளைப் பின்

“ஹலோ… ஹலோ… அலிபிரியா? எத்திராஜிண்ணா தேங்கா மண்டியா? … நாந்தாணா, புத்தூரு கன்னையா. ரெண்டு நயா பைசாணா. ஏழு உசுரு, வெல ரெண்டு நயா பைசா. … இல்லணா, நான் தேங்கா வெல பேசல. தேங்காய வுடு. … கட்டாதா? அய்யோ, தேங்கா இல்லணா.”

எத்திராஜ் அலிபிரியில், பெருமாள் மலையடிவாரத்தில், தேங்காய் மொத்த வியாபாரம் பண்ணுகிறவர். பைசா என்ற சொல் காதில் விழுந்தால், எதற்கான பைசா என்று கேட்பதற்கு முன்னாலேயே கட்டாது என்று சொல்லிவிடுகிற வாய் அவருக்கு. கன்னையாவும் லேசுப்பட்டவர் இல்லை. புத்தூர்ச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே வேர்க்கடலைக்கு விலை முடிக்கிறவர். எதிராளியின் விரல் நடுங்கினால் அரை ரூபாய் குறைத்துவிடுவார். இன்றைக்கு நடுங்கியது அவருடைய விரல். இடது கை விரல்களுக்கு நடுவே இரண்டு நயா பைசா பெறுகிற, குங்குமம் ஒட்டிய பித்தளைப் பின் ஒன்று இருந்தது. பெண்கள் கொண்டையில் செருகுகிற ஊசி போல இரட்டைக் கால், அரை விரல் நீளம். பக்கத்தில் மெக்கானிக் பச்சையப்பன், கன்னையா வீட்டு முன்கட்டிலிருந்த கடலை மண்டியின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். தூண் அவனைப் பிடித்துக்கொண்டு நின்றது என்றாலும் தப்பில்லை.

“நம்ம ஜீப்புணா. காலையில மலைக்குப் போச்சு. கீழ எறங்கிச்சா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு. … எந்த ஜீப்பா? பச்ச ஜீப்பு. பானட்டுல ரெண்டு பக்கமும் கொடிக்கம்பு சொருவற ஓட்ட இருக்கும். … ஆமா, ஆமா, அந்த ஜீப்புதான்.”

அந்த ஓட்டைகளைச் சொன்னதும் எத்திராஜுக்கு விளங்கியதில் ஆச்சரியமில்லை. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துக் கட்டிய ஜீப்பைக் கன்னையா மெட்ராஸில் ஏலம் எடுத்து வந்த நாளிலிருந்து அதற்கு ஓய்வில்லை. ஆந்திரா தனி ராஜ்ஜியம் ஆன பிறகு எல்லைத் தகராறு அதன் பிழைப்பை இன்னும் பெருக்கியது. எங்களை மெட்ராஸோடு சேர் என்று கோஷம் போடுகிறவர்களுக்குக் காலையில் வாடகை. இங்கேயே இருப்போம் என்பவர்களுக்குச் சாயங்காலம் வாடகை. கொடி மாறும், கோஷம் மாறும், பாஷையும் மாறும். ஜீப்பும் டிரைவரும் மாறமாட்டார்கள். கடைசியில் எல்லை முடிவாவதற்கு முன்னால் இன்ஜின் முடிந்துவிட்டது. மெட்ராஸ் பழைய சாமான் கிடங்கிலிருந்து வேறொரு ஜீப்பின் இன்ஜின் லாரியில் வந்திறங்க, நேற்று முழுக்க உட்கார்ந்து பச்சையப்பன் அதை மாட்டினான்.

மூன்று நிமிஷம் ஆகிவிட்டதென்று டிரங்க் எக்ஸ்சேஞ்ச் பெண் குறுக்கே வந்தாள். லைனை வெட்டாதே, கும்பிடுகிறேன், இன்னும் மூன்று நிமிஷம் கொடு என்று கன்னையா அவளிடம் தெலுங்கில் கெஞ்சினார்.

“அம்மா, கட் சேயொத்தம்மா, தண்டம் பெடதானு. இங்கொக்க மூணு நிமிஷம் இவ்வும்மா. … ஆமாம்மா, அர்ஜெண்ட்டு. ரொம்ப அர்ஜெண்ட்டு. … எத்திராஜிண்ணா, கீறியா? ஆள அனுப்பு. உன் மண்டி ஆளு துலுக்காணத்த மல ரோட்டு கேட்டுக்கு ஓடச் சொல்லு. மேல கேட்டுக்குப் போன் போட்டு, பச்ச ஜீப்ப எறக்காதீங்கன்னு சொல்லச் சொல்லு. காரணத்த அப்புறம் சொல்றேன், மொதல்ல ஆள அனுப்பு. … பிரேக்குணா. பிரேக்கு நிக்காது.”

காரணம் சொன்னால் வெட்கக்கேடு. கன்னையா வீட்டில் புதிதாக எது வந்தாலும் பெருமாள் படத்துக்கு முன்னால் ஒரு பொழுது இருந்துவிட்டுத்தான் புழக்கத்துக்கு வரும். பட்டுப்புடவை, பித்தளை அண்டா, தையல் மிஷின் எல்லாம் அப்படி இருந்து வந்தவைதான். இன்ஜினை எப்படிப் பூஜை அறைக்குத் தூக்கிப்போவது? தூக்கினாலும் அந்த எண்ணெய்ப் பிசுக்கை அவர் சம்சாரம் ஜெயம்மா வாசற்படி தாண்ட விடுவாளா? கன்னையா தொழில் தெரிந்தவர். நூறு மூட்டைக் கடலையை விற்க யாரும் நூறு மூட்டையையும் அவிழ்ப்பதில்லை. ஒரு கைப்பிடி மாதிரி காட்டினால் போதும். பெருமாளுக்கும் மாதிரி காட்டினால் போகிறது என்று முடிவு செய்தார். பச்சையப்பன் கிணற்றடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவன் விரித்த சாக்கின் மேலிருந்து, பிசுக்கில்லாமல் பளிச்சென்று இருந்த புதுப் பின் ஒன்றை எடுத்துப்போய்ப் பூஜைத் தட்டில் வைத்துக் குங்குமமும் வைத்தார்.

பச்சையப்பனுடைய வேலைமுறை வேறு. கழற்றியதை எல்லாம், தேய்ந்ததற்குப் பதில் புதியதை, கழற்றிய வரிசையில் சாக்கில் அடுக்குவான். மாட்டும்போது கடைசியிலிருந்து எடுத்துக்கொண்டே வருவான். சாக்கு காலியானால் வேலை முடிந்தது, கையைத் துடைத்துக்கொள்ளலாம். இருபது வண்டியில் அவனை ஏமாற்றாத சாக்கு நேற்று ஏமாற்றியது. அது வழக்கம்போல் காலியானது. அவனும் வழக்கம்போல் கையைத் துடைத்துக்கொண்டான். சற்றுமுன் மறந்துபோன ஸ்பானரை எடுக்க வந்தவனை, பிரசாதம் வாங்கிக்கொள் என்று கன்னையாவே உள்ளே கூப்பிட்டார். அவன் தட்டில் தேங்காய் மூடியைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தான். இன்ஜினை மாற்ற இடைஞ்சல் என்று கழற்றிய பிரேக் பெடலையும் ராடையும் சேர்க்கிற ஆணி கழன்று விழாமல் பிடித்துக்கொள்கிற பின் அது. அது இல்லாவிட்டால் ஆணி உடனே விழாது. குலுக்கலில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். மலை ஏறும்போது பயமில்லை என்றான். இறங்கும்போதுதான் என்று சொல்லிப் போனைக் காட்டினான்.

ஜீப்பில் போனவர்கள் ஏழு பேர். மகன் சம்பத் ஓட்டுகிறான். மருமகள் மல்லிகா, அவள் மடியில் முதல் மொட்டைக்குப் போன பிள்ளை, ஜெயம்மா, சம்பந்தி வீட்டார் மூன்று பேர்.

“… வந்துட்டானா? இன்னா சொல்றான் துலுக்காணம்? … எப்போ? … இல்லணா, அது வேற ஜீப்பா இருக்கும். திரும்பக் கேக்கச் சொல்லு. … கொடிக்கம்பு ஓட்டயும் பாத்தாங்களாமா?”

மேல் கேட்டைத் தாண்டி ஜீப் இறங்க ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது. கன்னையா முகத்தைப் பார்த்தே பச்சையப்பன் தெரிந்துகொண்டான். கை பிரேக் இருக்கிறதல்லவா என்று கன்னையா போனை மறைத்துக்கொண்டு கேட்டார். அது பேருக்குத்தான் இருக்கிறது என்றான் பச்சையப்பன்.

“எத்திராஜிண்ணா, ரோட்டுல ஆளுங்கள நிக்க வுடாத. கட போட்டுகினு கீறவங்கள எல்லாம் ஓரமா வரச் சொல்லு. … தெரியலணா. நின்னாலும் நிக்கும். … நீ பேசிகினே இரு. போன வெக்காத.”

எத்திராஜ் போனைப் பிடித்தபடியே ஆட்களை ஓரமாக விரட்டிய இடைவெளியில் கன்னையா மேலே இருப்பவரிடம் பேரம் ஆரம்பித்தார். முதலில் தலைமுடி தருவதாகச் சொன்னார். சொன்ன மாத்திரத்தில், காதோரம் தவிர மற்ற இடத்தில் அது போய்ப் பத்து வருஷமாகிறது என்பது பெருமாளுக்கும் தெரியுமே என்ற கூச்சம் வந்தது. மீசையையும் சேர்த்தார். சந்தையில் ஆட்கள் கன்னையாவுக்கு முன்னால் அவர் மீசையைத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் சின்னச் சரக்காகத்தான் தோன்றியது.

அப்போது போனில் ஒரு ஹாரன் கேட்டது. நோய் கண்ட ஆடு கத்துகிற மாதிரி இழுக்கிற ஹாரன். ஊரில் வேறு எந்த வண்டிக்கும் அந்தக் குரல் இல்லை. விட்டுவிட்டு அடிக்கவில்லை. ஒரே மூச்சாக அடித்துக்கொண்டே வந்தது.

“அதான். அதான் நம்ம வண்டி. … எத்திராஜிண்ணா? ணா?”

எத்திராஜ் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருந்தார். ரிசீவர் எதிலோ மோதி மோதி ஆடுகிற சத்தம், கூட்டத்தின் கூச்சல், அதற்கு மேலே ஹாரன். கன்னையா ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினார். பின்னின் கூர்முனை கன்னத்தில் குத்தியது தெரியவில்லை. இதுவரை மனசுக்குள் நடந்த பேரம் அவரை அறியாமல் வாய்க்கு வந்தது.

“பெருமாளே, ஜீப்ப எடுத்துக்கோ. இன்ஜினோட எடுத்துக்கோ. எனக்கு வேணாம். உள்ள கீறவங்கள மட்டும் எறக்கி வுட்டுட்டு, வண்டிய நீயே வெச்சிக்கோ.”

மலையே சரிந்தது போல ஒரு சத்தம் கேட்டது. ஹாரன் நின்றது.

அதன் பிறகு வெறும் இரைச்சல். கன்னையா ஹலோ ஹலோ என்று கத்தினார்.

“… ணா. … ணா, இன்னா ஆச்சி? மூச்சு வாங்கிகினு சொல்லு. … எதுல? … உன் தேங்கா குவியல்லயா? … மண்டி வாசல்லயா? … நின்னுடுச்சா. வண்டி நின்னுடுச்சா. … கடசி வளைவுலதான் பிரேக்கு போச்சாமா? சம்பத்து சொல்றானா? அவன் பேசறானா? … ணா, எண்ணு. ஒவ்வொருத்தரா தொட்டு எண்ணு. … ம். … ஜெயம்மா. … ம். … ஆறா?”

கன்னையா விரலை மடக்கித் திரும்ப எண்ணினார்.

“ஏழுணா. ஏழு பேரு போனாங்க. கொழந்த. மொட்ட அடிச்ச கொழந்த. வண்டிக்கு அடியில பாரு. தேங்காய எல்லாம் தள்ளிட்டுப் பாரு. … மல்லிகா மடியில இல்லியா? … எத்திராஜிண்ணா, பாரு, பாரு.”

பதிலுக்கு ஓர் அழுகை கேட்டது. தூரத்திலிருந்து இல்லை, போனுக்குள்ளேயே யாரோ ஊதுவது போல, அவர் காதைக் கிழிக்கிற மாதிரி, ரொம்பக் கிட்டத்தில்.

“… அது எங்க அழுவுது? … உன் தோள்லயா? … நீயே தூக்கிகினு நின்னுகினு, ஆறுன்னு எண்ணினியா. … இல்ல, திட்டல. திட்டல. அழட்டும். நல்லா அழட்டும். அப்படியே போன்கிட்ட புடி.”

அந்த அழுகையைக் கொஞ்ச நேரம் காது குளிரக் கேட்டார். பச்சையப்பனிடம் ஏழு என்று விரலைக் காட்டினார். எதிர்முனையில் அழுகை அடங்கியதும் எத்திராஜ் உடைந்த தேங்காய்க் கணக்கைத் தொடங்கியிருக்க வேண்டும்.

“… ம். … ம். … ஒடஞ்சது பூரா என் கணக்கு. குடுத்துடறேன், பேரம் கெடயாது. … நெசமாத்தாணா சொல்றேன். … ணா, ஒண்ணு கேக்கட்டா. மலயடியில ஒடஞ்ச தேங்கா தானே. அத்த பெருமாளுக்கு ஒடச்சதா வெச்சிக்கினு, ஜீப்பு மட்டும் எனக்கே… … யாரு? … ஏமம்மா? … மீரு வின்னாரா? … அந்தா வின்னாரா?”

எக்ஸ்சேஞ்ச் பெண், ஜீப்பைப் பெருமாளுக்குக் கொடுத்தது உட்பட, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சாட்சி வேறு வேண்டாம் என்று பெருமாளே அவளை லைனில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. கன்னையா கையிலிருந்த பின்னைப் பார்த்தார். குங்குமம் அப்படியே இருந்தது. அதை மெதுவாகப் பூஜைத் தட்டில், எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கும்படி பச்சையப்பனிடம் நீட்டினார்.

“எழுதிக்கோணா. … ஆமா, நீயே எழுது, பெருமாள் கணக்குல. வரவு, உசுரு ஏழு. செலவு, கீற முடி, மீச, உன் தேங்கா. மாதிரி நேத்தே குடுத்தாச்சு. சரக்கு, ஜீப்புதான் பாக்கி. … ஹலோ? … ணா? … ஹலோ?”