நான் கிடந்த பட்டினி

இந்த நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, மேடம். வழக்கமாக எனக்கு முன்னால் இன்னொருவர் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் என்னை உட்காரச் சொல்வார்கள். இருபது வருடமாக அப்படி உட்கார்ந்தவன் ட்வைட் கோவாச், என் டூப். நீங்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறீர்களே, அதே ட்வைட்தான். என் உயரம், என் தோள். விளக்குகளைச் சரிபார்க்கும்வரை மணிக்கணக்கில் நிற்பது அவன். எல்லாம் சரியானதும் வந்து நடிப்பது நான். திரையில் நீங்கள் பார்த்த என் முதுகெல்லாம் அவனுடையது. தூரத்துக்கு அவன், குளோசப்புக்கு நான். ஹாலிவுட்டில் இதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை.

ஐம்பது தாண்டியதும் எனக்குத் தாத்தா வேடங்கள் வரத் தொடங்கின. அப்போதுதான் இந்த நாட்டில் நடக்கும் அநியாயங்கள் என் கண்ணில் பட்டன. திமிங்கலங்களுக்காகக் கைதானேன். வீடில்லாதவர்களுக்காகக் கைதானேன். போருக்கு எதிராகக் கைதானபோது காற்றில் பறந்த என் தலைமுடி படத்தில் மிக நன்றாக வந்திருந்தது. கைது என்பது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா. முந்தின நாளே உங்கள் போலீஸ் ஆட்களில் ஒருவர் போன் செய்வார்.

"சார், நாளைக்குப் பதினோரு மணி வாக்குல உங்களைக் கைது பண்ணிக்கலாமா? வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிரலாம். அப்புறம், எங்க வீட்டம்மா உங்க ரசிகை. விலங்கோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

பிளாஸ்டிக் விலங்கு, புகைப்படம், மதியச் சாப்பாட்டுக்கு வீடு. கைதாகும் இடத்தில்கூட ட்வைட்தான் முதலில் போய் நிற்பான், படம் எடுப்பவர்கள் வெளிச்சம் பார்த்துக்கொள்ள.

பிறகு ஃபிரெஸ்னோ, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். திராட்சை பறிக்கிறவர்கள் வெயிலில் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க நிழலும் கேட்டார்கள். தோட்ட முதலாளிகள் சங்கம் மறுத்தது. அந்தச் சங்கத்தின் வாசலில் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தேன். அன்று நிஜமாகவே என் குரல் நடுங்கியது. கூடாரத்தின் பின்பக்கம் என் கேரவனை நிறுத்தச் சொன்னேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு.

ட்வைட்டை நான் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் நடிகர் சங்கத்தில் வருடத்துக்குப் போதிய அளவு வேலை காட்டினால்தான் மருத்துவக் காப்பீடு தொடரும். அவன் மனைவி நோரீனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது, வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அந்த வருடம் எனக்கே படம் இல்லை, அவனுக்கு எங்கிருந்து வேலை? கூடாரத்தில் படுத்திருப்பதை வேலையாகக் கணக்கு காட்டுகிறேன் என்றேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான்.

"சும்மா படுத்திருக்கணும், அவ்வளவுதானே சார்?"

"சாப்பிடாமப் படுத்திருக்கணும்டா."

"நீங்க?"

"நான் பேசணுமே. பேசறதுக்குத் தெம்பு வேணாமா?"

"அதுவும் சரிதான் சார்," என்றான். இவ்வளவு புரிதல் உள்ள ஆள் கிடைப்பது கஷ்டம்.

அவன் ஏன் உண்மையிலேயே பட்டினி கிடக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இப்போதைய கேமராக்கள் தெருக்கோடியிலிருந்தே விலா எலும்பை எண்ணிவிடும். அதோடு, திராட்சைத் தொழிலாளிகளின் தொழிற்சங்கத்து நர்ஸ் ஜோஸஃபா தினமும் ரத்தம் எடுத்து, முடிவை வெளியே பலகையில் ஒட்டுவாள். என் பலவீனத்தை யாரும் கிட்ட வந்து பார்க்க வேண்டாம், கையை மட்டும் திரைக்கு வெளியே நீட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதைக் கேட்டு நிறையப் பேர் அழுதார்களாம். நீட்டிய கை ட்வைட்டுடையது. மாலையில் கன்னத்தில் பழுப்புப் பவுடர் தடவிக்கொண்டு நான் வந்து பேட்டி கொடுப்பேன். கேரவனில் வாசனை வராத சாப்பாடாகப் பார்த்துத்தான் சாப்பிட்டேன், மேடம். பக்கத்தில் ஒருவன் பசியோடு கிடக்கும்போது மீன் வறுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை, தொழிற்சங்கத் தலைவர் ரமீரோ போனில் கத்தினார்.

"ஒத்துக்கிட்டாங்க சார்! தண்ணி, நிழல், எல்லாம் கையெழுத்தாயிருச்சு. உடனே ஏதாவது சாப்பிடுங்க சார், புண்ணியமாப் போகும்!"

ஞாயிறுவரை வெளியே சொல்லாதீர்கள் என்றேன். ஞாயிறன்றுதான் தொழிலாளிகளுக்கு விடுமுறை. குடும்பத்தோடு வருவார்கள். தொலைக்காட்சியிலும் நேரலை கிடைத்திருந்தது.

"அதுவரைக்கும் தாங்குவீங்களா சார்?"

"தாங்குவேன்," என்றேன்.

ட்வைட்டிடம் சொல்லவில்லை. அவனுக்கு நடிக்க வராது. சொன்னால் முகத்தில் சந்தோஷம் தெரிந்துவிடும். சனிக்கிழமை மத்தியானம் அவன் உதடு வெடித்துக் கிடந்தது. பேச்சு காற்றாகத்தான் வந்தது.

"சார், நெஞ்சுக்குள்ள என்னமோ படபடன்னு அடிச்சுக்குது. கட் சொல்லிருங்களேன்."

"இன்னும் ஒரே ஒரு ஷாட்டுடா."

சிரித்தான். உங்களுக்கு இது புரிவது கஷ்டம். கதவு பூட்டியிருக்கவில்லை. எழுந்து நாலடி வைத்தால் கேரவனில் சூப் இருந்தது. ஆனால் நல்ல டூப் கட் சொல்லாமல் இடத்தை விட்டு அசைய மாட்டான். இருபது வருடத்தில் ஒருமுறைகூட அவன் அசைந்ததில்லை.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தபோது சில்லிட்டிருந்தான். வெளியே கூட்டம் பாட ஆரம்பித்திருந்தது. அவன் கிடந்த கூடாரம் சின்னது, முன்வாசலுக்குப் போக அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினேன். ஒரு வயதான தொழிலாளி சோள ரொட்டி நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன், அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை. பிற்பாடு, என்னோடு துணைக்கு இருந்த நண்பன் மாரடைப்பில் போய்விட்டான் என்று சொன்னேன். அடக்கத்தில் இரங்கல் உரையும் நான்தான். நோரீன் மட்டும் கைதட்டவில்லை.

"கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு இது. இடுப்பில ஊக்கு குத்தித்தான் நிக்க வெச்சோம்," என்றாள், பெட்டியில் கிடந்தவனைக் காட்டி. "எம் புருஷன் பசியோட செத்தாரா சார்?"

துயரத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். ஜோஸஃபா விடவில்லை. பத்திரிகையில் வந்த படத்தில், ரொட்டிக்கு நீட்டிய என் கையில் ஓர் ஊசித் தழும்புகூட இல்லை என்று அவள்தானே உங்களிடம் வந்து சொன்னாள்? கெட்டிக்காரி.

சரி. நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துவிட்டேன். வியாழனன்றே அவனை எழுப்பியிருக்கலாம், எழுப்பவில்லை. சனிக்கிழமை அவன் சாகிறான் என்று தெரிந்தது, ஞாயிறுவரை கிடக்கட்டும் என்று விட்டேன். நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போடத் தயார். ஆனால் மூன்றாவது வரியில் 'பட்டினி கிடந்தது ட்வைட் கோவாச்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். ஐந்து வாரம் இந்த நாடே பார்த்தது. பட்டினி கிடந்தது நான்.