துரை வீட்டுச் சாமான்

ஒரு நாற்காலிக்கு நூறு வயதாக வேண்டுமென்றால் குற்றாலத்தில் ஒரு சீசன் போதும். ஆனிக் கடைசியில் சாரல் படும்படி கொல்லையில் போட்டுவிட வேண்டும். ஆவணியில் எடுத்து, நெல் அவிக்கிற அடுப்புக்கு மேலே பதினைந்து நாள் புகை காட்ட வேண்டும். அப்புறம் கைப்பிடியில் மட்டும் நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்தால், நாலு தலைமுறை உட்கார்ந்து எழுந்த பளபளப்பு வந்துவிடும். நீரும் எண்ணெயும்தான். மனிதர்களுக்கும் குற்றாலத்தில் அதைத்தானே செய்கிறார்கள்.

நான் போலிச் சாமான் விற்றதாகக் கோமதியம்மாள் மெட்ராஸிலிருந்து புகார் கொடுத்திருப்பதாகப் படித்துக் காட்டினீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. வாக்குமூலம் என்றால் முதலிலிருந்து சொல்வதுதான் மரியாதை.

பெயர் சிவனணைந்தபெருமாள். தென்காசிப் பக்கத்துக் கோயில் வாகனங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவன். ஐம்பத்தெட்டில் குற்றாலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். எனக்கு ஒரு நாற்காலி அமைந்தது. வெளிர்பச்சை வண்ணம். முதுகுப் பலகையில் கையால் வரைந்த பூச்சரம், நாடா முடிச்சு, நடுவில் ஒரு கலசம், அதன்மேல் சாய்ந்து நிற்கும் ஒரு பெண். பழைய ரோமாபுரிக் கோயில்களைப் பார்த்துச் சீமையில் ஒரு காலத்தில் இப்படி வரைந்தார்களாம். அதை எனக்குச் சொன்னவர் பட்லர் கடற்கரை அண்ணாச்சி. அந்தத் துரையிடம் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். துரை கப்பலேறிய பிறகு, சொல்ல நிறைய இருந்தும் கேட்க ஆளில்லாமல் இருந்தார்.

அதைப் பார்த்து இன்னொரு நாற்காலி செய்தேன். இரண்டே திருத்தம். வெறுங்குடத்தை வீட்டில் வைத்தால் விளங்காது. ஆகவே கலசத்தின் வாயில் மாவிலை செருகித் தேங்காய் வைத்தேன். அந்தப் பெண்ணின் மூக்கு மூளியாக இருந்தது, மூக்குத்தி போட்டேன்.

கோமதியம்மாள் தென்காசியில் பிறந்தவர். மெட்ராஸில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். அந்த வருஷம் சீசனுக்கு வந்தவர் நாற்காலியைக் குனிந்து பார்த்தார்.

"இது என்ன, வெள்ளைக்காரிக்கு மூக்குத்தி?"

எனக்கு முந்தி அண்ணாச்சி பேசினார். "அதை ஏன் கேக்கீய தாயி. துரைசானிதான் அது. இங்கன வந்து ஆறாம் மாசமே மூக்கு குத்திக்கிட்டாக. புண்ணு ஆற மஞ்சள் அரைச்சுக் குடுத்தது நாந்தான்."

"தேங்காய்?"

"துரைக்குத் தேங்காச் சட்னின்னா உசிரு தாயி."

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. நம் மண் ஒரு வெள்ளைக்காரனை எப்படி மாற்றியிருக்கிறது என்று சொல்லி, நாற்காலியைக் காரின் மேல் கட்டச் சொன்னார்.

அதன்பின் ஐந்து வருஷம் ஊருக்கு உபகாரமான காலம். ஆலை முதலாளிகள், வக்கீல்கள், வெள்ளைக்காரனை விரட்டச் சிறை போனவர்கள் என்று எல்லோருக்கும் அவன் உட்கார்ந்த நாற்காலி வேண்டியிருந்தது. பங்களாவில் மொத்தம் நாலு அறை. அதிலிருந்து அறுபத்திரண்டு நாற்காலி வெளியே வந்தது. ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஏலத்தில் எடுத்த அசல் நாற்காலியையும் ஒருமுறை அம்மாளிடம் காட்டினேன். தள்ளிவிட்டார்.

"என்னையே ஏமாத்தப் பாக்கிறீங்களா? இதுல தேங்காயே இல்லையே. யாரோ பாத்து வரைஞ்ச காப்பி."

இப்போது நீங்கள் உட்கார்ந்திருப்பது அதில்தான் ஐயா. சாய வேண்டாம், முதுகு கொஞ்சம் ஆடும்.

அறுபத்து மூன்று ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி வந்தார். முகம் தெளிவாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"ஏலே பெருமாளு, வயசாயிட்டு. மாதா கோயிலுக்குப் போயி சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேம்லே. பொய்யை யார்ட்ட சொன்னியோ அவாள்ட்டயே போயித் திருத்துன்னுட்டாரு. சனிக்கிழமை அம்மா வாராகள்லா, சொல்லிருதேன்."

"எல்லாத்தையுமா அண்ணாச்சி?"

"சட்னியைக்கூட விடமாட்டேன். துரை தேங்காயத் தொட்டதே கிடையாதுலே."

நான் கோபப்படவில்லை. யோசித்தேன். அறுபத்திரண்டு வீடுகளில் குடும்பத்தோடு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிம்மதியாகச் சாவதற்காக அறுபத்திரண்டு குடும்பம் நிம்மதி இழப்பது நியாயமாகப் படவில்லை. என்னைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

புதன்கிழமை ஒரு தேக்குப் பெட்டியை எடுத்து வண்ணம் அடிக்கத் தொடங்கினேன். வெளிர்பச்சை, பூச்சரம், நாலு மூலையிலும் கலசம். வண்ணம் காய மூன்று நாள் வேண்டும். வியாழக்கிழமை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"யாருக்குலே, இம்புட்டு நீளமா?"

"ஒரு வாடிக்கைக்காரருக்கு. உங்க உயரந்தான் அண்ணாச்சி. ஒரு தடவை படுத்துக் காட்டுங்களேன்."

படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "துரைசானி மெத்தை தோத்துரும்லே" என்றார்.

தோளுக்கு இரண்டு விரற்கடை கூட்டினேன். வாடிக்கைக்காரருக்கு இடுக்கக் கூடாது பாருங்கள்.

சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். முறையை நான் மீறவில்லை. அம்மாள் சாயங்காலம்தான் வருவார். மெயின் அருவியில் கூட்டம் என்பதால் மலைமேலே செண்பகாதேவி அருவிக்குக் கூட்டிப்போனேன். வழியில் மூன்று இடத்தில் உட்காரவைத்துச் சுக்குக்காப்பி கொடுத்தேன். மேலே என் கையாலேயே எண்ணெய் தேய்த்தேன். கூலிக்குத் தேய்க்கிறவர்கள் உள்ளங்காலுக்குக் கடைசியில் தேய்ப்பார்கள். தேய்த்தால் கழுவாமல் நடக்கவிட மாட்டார்கள். நான் முதலில் தேய்த்தேன். பாறைமேல் நடக்கவும் விட்டேன்.

"ஏலே, கால் வழுக்குதுலே."

"மெதுவாப் போங்க அண்ணாச்சி" என்றேன். கையை நீட்டவில்லை. என் கையெல்லாம் எண்ணெய்; பிடித்திருந்தாலும் நின்றிருக்காது.

சாயங்காலம் அம்மாள் வந்தார். மாதா கோயிலில் கிடத்தியிருந்த அண்ணாச்சியைப் பார்த்து அழுதார். "துரையைப் பாத்த கடைசிக் கண்ணு" என்றார். அன்றைக்கு வழக்கத்தைவிட நாலு நாற்காலி கூட எடுத்துக்கொண்டு மெட்ராஸ் போனார்.

மறுநாள் அடக்கம். பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் 'கடற்கரை' என்று என் கையாலேயே எழுதினேன். மூன்று பூச்சு வார்னிஷில் பெட்டி ஜொலித்தது. இட்லிக்கடை உலகம்மை அண்ணாச்சியைப் பார்த்து அழவந்தவள், பெட்டியைப் பார்த்து அழுகையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இம்புட்டு அழகான பெட்டியை மண்ணுக்குள்ள வைக்க உங்களுக்கு எப்படி மனசு வருது?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. தப்பு செய்துவிட்டோமே என்று முதன்முதலாகத் தோன்றியது.

இரண்டு வருஷம் பொறுத்தேன். ஒரு ஆடி மத்தியானம், நல்ல சாரல், ஊரே அருவிக்குப் போயிருந்தது. மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அண்ணாச்சி அதிகம் கனக்கவில்லை. புது வேட்டியில் சுற்றி, இருந்த இடத்திலேயே மரியாதையாக வைத்து மூடினேன். பெட்டியைப் பார்த்தபோதுதான் ஐயா, என் தொழிலில் நான் எவ்வளவு அரைகுறை என்று தெரிந்தது. வண்ணம் மெல்லிசாக வெடித்து, பூச்சரம் பாதி மங்கி, கலசங்கள் நிஜமாகவே ரோமாபுரியிலிருந்து வந்தவைபோல இருந்தன. மண் கொடுக்கிற வயதை மழையும் புகையும் கொடுக்காது. உள்ளே ஒரு பூச்சுப் பூசிப் பெயரை மறைத்தேன். நாலு கால் வைத்தேன்.

அம்மாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதுவும் துரை வீட்டுதா?"

சொல்ல வாயெடுத்தேன். அண்ணாச்சி ஞாபகம் வந்தது. அவர் ஆசைப்பட்டபடி ஒரு தடவையாவது உண்மை சொல்வோமே என்று தோன்றியது.

"இல்லம்மா. பட்லர் படுத்திருந்தது. ரெண்டு வருஷம்."

அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கம்பளி வைக்க வீட்டிலேயே வைத்துக்கொள்ளப்போவதாகச் சொன்னார்.

இப்போது சீமையிலிருந்து வந்த யாரோ ஒரு நிபுணர் மூடியைச் சுரண்டிப் பார்த்தாராம். உள்ளே தமிழ் எழுத்து இருந்ததாம். ஆகவே பெட்டி போலியாம். அத்தனை நாற்காலியைப் பற்றியும் ஒரு வரி இல்லை. எல்லாம் அசலென்று அந்த நிபுணரே எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

நான் சொன்னதை வரி விடாமல் எழுதிக்கொண்டீர்கள். சந்தோஷம். பாறை, எண்ணெய், மண்வெட்டி எல்லாம் அப்படியே இருக்கட்டும். மேலே 'போலி' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. கீழே கையெழுத்துப் போடுகிறேன். எனக்கும் ஒரு மனசாட்சி இருக்கிறது.