சொல்லாமல் விட்ட சொல்: எங்கள் விசாரணைப் பிரிவு அக்காவுக்கு

கேட்டவர்க்குக் கனிவாய்ச் சொல்லி, காது கேளாதவர்க்குக் கைகளால் சொல்லி, முப்பத்து நான்கு ஆண்டுகள் இம்மருத்துவமனையின் முகப்பில் முகம் கோணாமல் நின்ற மூத்தவரே, மேற்பார்வையாளரே, எங்கள் அனைவர்க்கும் அக்காவே, வணக்கம்.

அவையோர் அறிய அக்காவைப் பற்றிச் சொல்கிறோம். இந்தப் பணிநிறைவு விழாவுக்கு நாற்காலி சொன்னதும் அவர்தான். ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்ததும் அவர்தான். "உங்க விழாக்கா, கொஞ்சம் சும்மா உக்காருங்க" என்று மருந்தகத்துத் தம்பி கெஞ்சினார். "உக்காந்தா ஏதாவது தப்பாப் போயிடும்டா" என்றார் அக்கா. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அயராத அக்கறை, பிசகாத பணி, பசியையும் மறக்கும் பொறுப்பு என்று புகழ்மொழிகளை அடுக்கி வைத்திருந்தோம். மருத்துவர் சொன்னதை மூன்று முறை கேட்டு, சீட்டில் எழுதி, உறவினரைத் திருப்பிச் சொல்லச் சொன்ன பிறகே அக்கா அனுப்புவார். இதைக் கடமை உணர்வென்றே கருதினோம். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த எண்ணம் மாறியது.

அன்று காது கேளாத தாயொருவர் எட்டு வயது மகளோடு முகப்பில் நின்றார். கணவர் மாடியில் படுக்கையில் இருந்தார். அறுவை மருத்துவர் இறங்கி வந்து, "பாப்பா, நான் சொல்றதை அம்மாகிட்ட சொல்லு" என்று தொடங்கினார். அக்கா இருக்கையை விட்டு ஓடிவந்தார். "டாக்டர், அவ கொழந்தை. என்கிட்ட சொல்லுங்க."

"நாளைக்கு ஆபரேஷன். பண்ணித்தான் ஆகணும். பண்ணினாலும் பிழைக்கிறது சந்தேகம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அக்கா அதைக் கைகளால் தாய்க்குச் சொன்னார். சிறுமி கண் இமைக்காமல் அந்தக் கைகளையே பார்த்தாள்.

"ஆன்ட்டி, சந்தேகம்னு சொன்னதை விட்டுட்டீங்க" என்றாள்.

அக்காவின் கைகள் அப்படியே நின்றன. பிறகு விட்டதையும் சொன்னார். தாய் தலையசைத்து ஏதோ பதில் காட்டினார். அக்கா ஓய்வறைக்கு வந்து, எடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, தம் கதையை எங்களுக்கு முதன்முறையாகச் சொன்னார்.

அக்காவின் பெற்றோர் இருவருக்குமே காது கேளாது. வங்கியிலும், வீட்டுக்காரரிடமும், மருத்துவரிடமும் அவர்களுக்காகப் பேசியது ஒன்பது வயது அக்காதான். பெரிய மனுஷிபோல் பேசியதால் தெருவில் அவருக்குக் 'கிழவி' என்றே பெயர். அப்பாவுக்கு இனிச் சில நாட்கள்தான் என்று ஒரு மருத்துவர் அந்தக் குழந்தையிடம் சொன்னார். மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடுமாம் என்று அக்கா அம்மாவுக்குக் கை காட்டினார். பதினோராம் நாள் அப்பா இறந்தார். வெளியூர்ப் பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பவும் நேரமில்லை. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையா என்று அம்மா கேட்டபோது, இல்லை என்று அக்கா தலையாட்டினார். அம்மா கண்மூடும்வரை உண்மையைச் சொல்லவே இல்லை.

"அம்பது வருஷம் ஆச்சு. இன்னிக்கும் அதே எடத்துல விட்டுட்டேன்டி" என்றார் தலைமைச் செவிலியரிடம்.

நாங்கள் பொறுப்பென்று பாராட்டியது இத்தனை காலமும் பயமாக இருந்திருக்கிறது. அந்தப் பயத்தின் நிழலில் நாங்கள் நிம்மதியாக வேலை பார்த்திருக்கிறோம்.

"அந்தம்மா கடைசியா என்னக்கா சொன்னாங்க?" என்று செவிலியர் கேட்டார்.

"டாக்டர் படியெறங்கி வரும்போதே மொகத்துல தெரிஞ்சுதாம். கொழந்தைக்குத் தெரிய வேணாம்னு காட்டிக்காம இருந்தாங்களாம்." தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு அக்கா கேட்டார்: "அப்போ எங்கம்மாவுக்கும் தெரிஞ்சிருக்குமோ?"



மறுநாளே அக்கா கண்காணிப்பாளரிடம் மனு கொடுத்தார். இம்மருத்துவமனையில் எந்தக் குழந்தையிடமும் இப்படிப்பட்ட சேதியைச் சொல்லி அனுப்பக் கூடாதென்று ஆணை வந்தது. எங்களில் இருவர் அக்காவிடம் சைகை மொழி கற்கிறோம். அந்தக் கணவர் பிழைத்தார். வீடு திரும்பும் நாளில் சிறுமி மட்டும் வாசலிலிருந்து ஓடிவந்து, "மாத்திரை மூணு வேளைதானே? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். போனவள் மறுபடி வந்து கேட்டாள். அவளை நினைத்தால் எங்களுக்கு இன்னமும் கவலைதான்.

அக்கா, இனி உங்களிடமே பேசுகிறோம். நீங்கள் நோயின்றி, நெடுங்காலம், நிறைந்த மனத்தோடு வாழ வேண்டும். எதையும் சரிபார்க்காத ஒரு பகல்பொழுதாவது உங்களுக்கு வாய்க்க வேண்டும். அது எளிதில் வராதென்று அறிவோம், அஞ்சிக்கொண்டேதான் வாழ்த்துகிறோம். உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா என்பதற்கு எங்களிடம் விடையில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். அன்றைய தவறு உங்களுடையது அல்ல, அக்கா. அந்தச் சேதியை ஒன்பது வயதுக் குழந்தையிடம் சொன்னதுதான் தவறு.

என்றும் உங்கள் அன்பில்,
விசாரணைப் பிரிவு, மருந்தகம் மற்றும் செவிலியர் பணியாளர்கள்